சன்னிதிக்கு முன் ஐந்து படிகள்

(தைப்பிங் ஆலயம் ஒன்றின் நிர்வாகக் குழுச் செயலாளர் எழுதுவது)

திருவிழாச் சிறப்பிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, வழக்கம்போல் தல வரலாற்றையும் உபயகாரர்களின் பெயர்ப் பட்டியலையும் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆயினும், சென்ற ஆண்டுத் திருவிழாவின் ஏழாம் நாள் மாலை எங்கள் ஆலய வாசலில் நான் கண்ட காட்சி ஒன்று இன்றளவும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே மெய்யன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இம்முறை ஆலயத்தின் பெருமையை எழுதவில்லை. அதன் குறை ஒன்றை எழுதுகிறேன்.

அன்று மாலை அபிஷேகம் முடிந்து தீபாராதனைக்கு மணி ஒலித்துக்கொண்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தைப்பிங்கில் மழை பெய்தது என்று எழுதுவது கடலில் உப்பு இருந்தது என்று எழுதுவதைப் போன்றதுதான். தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பொழியும் ஊர் எங்களுடையது. செருப்பு வைக்கும் தட்டுக்கு அருகில், தகரக் கூரையின் ஓரத்தில், ஓர் அம்மையார் சக்கர நாற்காலியைப் பிடித்தவாறு நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் அவருடைய கணவர் கைகூப்பியபடி அமர்ந்திருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து கருவறை தெரியாது. முன்னால் நின்றவர்களின் முதுகும், அதற்கு மேல் கொடிமரத்தின் நுனியுமே தெரியும்.

“ஏன் அண்ணே வெளியிலேயே இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “பரவாயில்லை தம்பி, இங்கிருந்தே கும்பிட்டுக்கிறோம்” என்றார் அம்மையார். நான் உடனே தொண்டர்படைப் பிள்ளைகள் நால்வரை அழைத்து, நாற்காலியோடு தூக்கி உள்ளே வைக்கச் சொன்னேன். பெரிய உதவி செய்வதாகத்தான் அப்போது எனக்கு எண்ணம். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். “வேண்டாம் தம்பி. போன தடவை இப்படித்தான் தூக்கினாங்க. ஒரு பையனுக்குக் கால் வழுக்கிருச்சு. என் வேட்டி அவிழ்ந்து, அத்தனை பேர் முன்னால மானம் போச்சு. சாமிக்குத் தெரியும் நான் இங்கே இருக்கிறது.”

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு நா எழவில்லை. அச்சமயம் தரிசனம் முடித்து வெளியே வந்த அன்பர் ஒருவர், நின்று பார்க்கக்கூட நேரமின்றி, ஒரு வெள்ளி நோட்டை அப்பெரியவரின் மடியில் போட்டுவிட்டு நடந்தார். அம்மையாரின் முகம் கறுத்துவிட்டது. பெரியவர் மட்டும் அந்த நோட்டை மடித்து என்னிடம் நீட்டினார். “இதை உண்டியல்ல சேர்த்துடுங்க தம்பி. உண்டியல் கிட்ட என்னால போக முடியலை.”

அவர் பிச்சைக்காரர் அல்லர். தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தோட்டம் துண்டாடப்பட்ட பின் தைப்பிங்கிற்குக் குடிவந்து லோரி ஓட்டியவர். எங்கள் ஆலயத் திருப்பணியின்போது ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங்கில் மண் சுமந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதைப் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது கண்டேன். ஆலயத்தின் முன்மண்டபத் தளத்தை உயர்த்தக் கொட்டப்பட்ட மண் அது. அந்த உயரத்திற்கு ஏறத்தான் இன்று ஐந்து படிகள் இருக்கின்றன. இனிப்புநீர் நோயால் அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறு காலிலும் வலுவில்லை.

சக்கர நாற்காலி என்றதும் எங்கோ யாருக்கோ நேர்ந்த துன்பம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி எண்ணும் உரிமை மலேசிய இந்தியர்களாகிய நமக்கு அறவே இல்லை. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4. அதாவது அன்னதானப் பந்தியில் மூன்று பேர் அமர்ந்தால் ஏறக்குறைய ஒருவர். புண் ஆறாமல் கால் விரல் போய், பின்பு பாதம் போய், அதன் பின் நாற்காலிக்கு வருபவர்கள் நம் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் நேற்றுவரை நம்மோடு காவடி எடுத்தவர்கள். இன்று திருவிழாவில் காணோம். காணாததால், அப்படி யாருமே இல்லை என்று நிர்வாகங்கள் முடிவுகட்டிவிடுகின்றன.

இதையே எங்கள் கூட்டத்திலும் கேட்டேன். திருவிழா முடிந்த பின் நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு சாய்தளம் அமைக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தவுடன் எழுந்த முதல் கேள்வி: “செயலாளரே, வருஷத்துக்கு எத்தனை பேர் அப்படி வர்றாங்க?” பாலம் இல்லாத ஆற்றை நீந்திக் கடப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, பாலம் தேவையில்லை என்று தீர்மானிப்பதைப் போன்ற கேள்வி இது. ஆனால் கேட்டவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர் நல்லவர், ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு அரிசி மூட்டைகளை அள்ளிக் கொடுப்பவர். கேள்வி நம் எல்லாருடைய மனத்திலும் இருப்பதுதான். முந்திய பல ஆண்டுகள் நானே அப்படித்தான் இருந்தேன்.

அடுத்து வந்தது தீட்டு. தெருவில் உருண்டு வந்த சக்கரம் மகாமண்டபத்திற்குள் வரலாமா என்று ஒருவர் கேட்டார். இதை எள்ளி நகையாடக்கூடாது; ஆலயத் தூய்மையில் அக்கறை உள்ளவர்தான் கேட்டார். தெருவில் நடந்து வந்த காலை நாம் என்ன செய்கிறோம்? வாசல் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே போகிறோம். நடக்க இயலாதவருக்குச் சக்கரமே கால். அதையும் அதே குழாய் நீரில் கழுவித் துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. அல்லது ஆலயத்திற்குள் மட்டுமே பயன்படும் நாற்காலி ஒன்றை நிர்வாகமே வாங்கி வைக்கலாம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அவரவர் உடலுக்கேற்ப அமைந்த நாற்காலி அவசியம் என்று பின்னர் அறிந்தேன். அவர்களை மாற்றி உட்காரச் சொல்வது புண்ணில்தான் முடியும். ஆகவே குழாயும் வேண்டும், நாற்காலியும் வேண்டும்.

அக்கூட்டத்தில் எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது; சொல்லியும் விட்டேன். திருவிழாவில் நம் சுவாமி எதில் வருகிறார்? தேரில். தேருக்கு அடியில் இருப்பது என்ன? மழைத்தண்ணீர், சேறு, சாலைத் தார் எல்லாவற்றின் மீதும் இரவு முழுதும் உருண்ட சக்கரம் அல்லவா? அத்தேர் ஆலய வளாகத்திற்குள் வந்து கொட்டகையில் நிற்கிறதே, அதற்கு யாரேனும் தீட்டு என்றோமா? தேர் ஏறி இறங்க இடறக்கூடாது என்று கொட்டகை வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டோமே, அதற்குத் தீர்மானம்கூட நிறைவேற்றவில்லை. ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர், “சரி, செலவைப் பார்ப்போம்” என்றார்.

உற்சவ மூர்த்தி ஏன் வீதியுலா வருகிறார் என்று சிறு வயதில் என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். கோயிலுக்கு வர முடியாதவர்களைப் பார்க்கச் சாமியே வருகிறது என்பது அவருடைய விடை. முதியோர், நோயாளர், பிரசவமான பெண்கள் ஆகியோரெல்லாம் வாசலிலேயே நின்று தேங்காய் உடைத்துக் கும்பிடும் வழக்கம் அதனால்தான். ஆண்டவன் ஆண்டிற்கு ஒரு நாள் இறங்கி வருகிறான். மற்ற நாள்களில் அவனிடம் போகும் வழியைத் திறந்து வைப்பது நிர்வாகத்தின் வேலை.

ஆகமம் இடம் தருமா என்ற ஐயமும் எழுந்தது. எங்கள் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஸ்தபதியையே தொலைபேசியில் கேட்டோம். கருவறை, அர்த்த மண்டபம் ஆகியவற்றின் அளவுகளில் கைவைக்கக்கூடாது; வெளி மண்டபத்தின் பக்கவாசலில் சரிவு அமைத்துக்கொள்வது உங்கள் வசதி என்று அவர் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். ஆறு மாதம் இதைப் பற்றித் தர்க்கம் செய்தவர்கள் நாங்கள்.

மலைக்கோயில்களைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். பத்துமலையில் 272 படிகள், பினாங்கு தண்ணீர்மலையில் 513 படிகள். அங்கெல்லாம் யார் என்ன செய்ய முடிகிறது என்றார்கள். மலைக்குப் படி இயற்கையாய் அமைந்த தேவை. அங்கேகூடப் பெரியோர் சும்மா இருந்துவிடவில்லை. 693 படிகள் கொண்ட பழனியில் 1966 முதல் இழுவை இரயிலும் 2004 முதல் கம்பிவட ஊர்தியும் இயங்குகின்றன. அதனால் பழனியாண்டவரின் பெருமை குறைந்துவிட்டதா, பாத யாத்திரை போவோர்தான் குறைந்துவிட்டார்களா? ஆனால் எங்கள் ஆலயம் மலைமேல் இல்லை. தைப்பிங்கின் சமதரையில் இருக்கிறது. அதன் ஐந்து படிகள் நாம் வைத்தவை. நாம் வைத்ததற்கு மலையைக் காரணம் காட்டுவது நியாயமன்று.

நம் அடியார் வரலாறுகளைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். திருவாரூரில் கமலாலயக் குளத்தைத் தூர் வாரி அகலப்படுத்த முனைந்த தண்டியடிகள் நாயனார் கண் பார்வை இல்லாதவர். குளத்திற்குள்ளும் கரையிலும் கோல்களை நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சுற்றி நின்றவர்கள் ஏளனம் செய்தார்கள். இறைவன் அருளால் பின்னர் அவருக்குப் பார்வை கிட்டியது என்பதையே நாம் பெரிதாகச் சொல்கிறோம். எனக்கோ அந்தக் கயிறுதான் பெரிதாகப் படுகிறது. பார்வை கிட்டும் வரை அவர் திருப்பணியை நிறுத்தி வைக்கவில்லை. ஒரு கயிறு போதுமானதாக இருந்தது. எங்கள் பெரியவருக்கும் அற்புதம் ஒன்றும் வேண்டாம். ஒரு சரிவும் ஒரு கைப்பிடியும் போதும்.

காரைக்கால் அம்மையாரையும் எண்ணுங்கள். கயிலையைக் காலால் மிதிக்க மனமின்றித் தலையால் ஏறிச் சென்றவர் அவர். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்களெல்லாம் நிற்க, அம்மையார் ஒருவர் மட்டும் அமர்ந்த கோலத்தில் இருப்பதை நாம் ஆலயந்தோறும் பார்க்கிறோம். அமர்ந்தபடி வணங்குபவரை நாயன்மார் வரிசையில் வைத்துப் பூசிக்கும் நாம், அமர்ந்தபடி வரும் பக்தரைச் செருப்புத் தட்டுக்கு அருகில் நிறுத்துகிறோம்.

“போன ஜென்மத்துக் கர்மம்” என்று சொல்வோரும் உண்டு. இதைப் பெரியவரின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். கர்ம வினை உண்டா இல்லையா என்று வாதிட எனக்குப் புலமை போதாது. ஐந்தாம் படிவமே படித்தவன் நான். ஆனால் அவருடைய வினைக்கணக்கைப் பார்ப்பதற்கு ஆண்டவன் இருக்கிறான். நிர்வாகத்திடம் இருப்பது வரவு செலவுக் கணக்கு மட்டுமே.

இனிச் செய்தது என்ன என்பதைச் சொல்கிறேன், மற்ற ஆலயத்தார்க்குப் பயன்படலாம் என்பதால். ஆறு அங்குலம் வீதம் ஐந்து படி என்றால் முப்பது அங்குல உயரம். ஓர் அங்குலம் உயர ஓர் அடியேனும் நீளம் வேண்டும், அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று என்பது நாட்டில் பின்பற்றப்படும் தர அளவு. ஆகவே எங்களுக்கு முப்பது அடி நீளச் சாய்தளம் தேவைப்பட்டது. முதலில் வந்த குத்தகையாளர் எட்டடியில் முடித்துத் தருகிறேன் என்றார். விலையும் குறைவு, நாங்களும் மயங்கிவிட்டோம். எட்டடிச் சரிவில் மோட்டார் சைக்கிள்தான் ஏறும். அம்மையார் ஒருவர் நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. இறக்கும்போது கைநழுவினால் நேரே வடிகாலில் போய் விழும். பல கட்டடங்களில் பெயருக்குப் போட்டு வைத்திருக்கும் சரிவுகள் இந்த வகையைச் சேர்ந்தவையே. பக்கவாசலுக்கும் மதிலுக்கும் இடையே பதினெட்டு அடி மட்டுமே இருந்ததால், பாதி வழியில் திரும்பும்படி அமைத்து, திருப்பத்தில் நாற்காலி நின்று இளைப்பாறச் சமதளம் விட்டோம். இரு பக்கமும் கைப்பிடி.

தரைக்கு என்ன போடுவது என்பதில்தான் பெரிய சண்டை. மண்டபம் முழுதும் பளபளக்கும் பளிங்குத் தரையாக இருக்க, இது மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அழகு கெடும் என்றார்கள். தைப்பிங் மழையில் நனைந்த பளிங்குச் சரிவில் நடப்பவரே நிற்க முடியாது. இறுதியில் சொரசொரப்பே வென்றது. மேலே கூரையும் போட்டோம். மொத்தச் செலவு, வசந்த மண்டபத்திற்கு வாங்கிய சரவிளக்கைவிடக் குறைவு. ஆயினும் சரவிளக்கிற்கு உபயகாரர் மூவர் போட்டியிட்டார்கள். சாய்தளத்திற்கு ஒருவரும் முன்வரவில்லை. கோபுரத்திலும் கருங்கல் தூணிலும் பெயர் பொறிக்கலாம், காலடியில் உருளும் சிமெண்டில் யார் பெயர் பொறிப்பார்கள்? இதை எழுதுவதால் உபயகாரர்கள் மனம் வருந்தக்கூடாது. அடுத்த கும்பாபிஷேகத்திற்குத் திருப்பணி மதிப்பீடு போடும் ஆலயங்கள், கோபுர வண்ணத்திற்கு முன் இதை முதல் வரியில் எழுதிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பிறகு சேர்ப்பதைவிட முதலிலேயே கட்டுவது மலிவு.

சாய்தளம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணியதும் என் அறியாமையே. வெள்ளோட்டமாகப் பெரியவரை அழைத்திருந்தோம். அர்ச்சனைச் சீட்டு முகப்பின் உயரம் அவருடைய தலைக்கு மேல் இருந்தது. உள்ளே இருந்த தம்பி, அவரைத் தாண்டி அம்மையாரிடம், “ஐயாவுக்கு என்ன நட்சத்திரம்?” என்று கேட்டான். பெரியவர் கீழிருந்து உரக்க, “கேட்டை. காது நல்லாக் கேட்கும் தம்பி” என்றார். எல்லாரும் சிரித்தோம், எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கால் இல்லாதவருக்கு வாயும் இல்லை என்று எப்படி நாமாகவே முடிவு செய்கிறோம்? அவரைப் பற்றி அவரிடமே கேட்பதற்குக் காசு செலவில்லை, தீர்மானமும் தேவையில்லை. தீர்த்தம் கொடுக்கும்போது எங்கள் குருக்கள் மட்டும், யாரும் சொல்லாமலே, குனிந்து அவர் கையில் ஊற்றினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கவாசலை ஒட்டி உடற்பேறு குறைந்தோருக்கென்று வாகன நிறுத்துமிடம் ஒன்றை மஞ்சள் கோடிட்டு ஒதுக்கியிருந்தோம். அதில் பெரும்பாலான நாள்கள் நின்றது நிர்வாகத்தாரின் வாகனங்களே. என்னுடையதும்தான். “ஐந்து நிமிட வேலை” என்று நிறுத்துவோம். அந்த ஐந்து நிமிடத்தில் மழையில் நனைந்தபடி ஒருவர் தெருமுனையிலிருந்து உருட்டி வர வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வீட்டிலிருந்து ஆலயம் வரை அவர் வருகிற வழியையும் ஒரு நாள் கூடவே நடந்து பார்த்தேன். நாட்டின் முதல் இரயில் 1885இல் போர்ட் வெல்டுக்கு ஓடியது எங்கள் ஊரிலிருந்துதான் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் இன்று ஒரு நாற்காலிச் சக்கரம் கடைத்தெருவில் நூறு அடி உருள முடியாது. பழைய கடைகளின் அஞ்சடியில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தளம் ஒன்றாக இல்லை. அரை அடி ஏறும், முக்கால் அடி இறங்கும். இடையில் மோட்டார் சைக்கிள்கள், பழக்கூடைகள். சாலையோடு போனால் பின்னால் லோரி. ஏரிப் பூங்காவைச் சுற்றி மட்டும் சமமான பாதை இருக்கிறது. அங்கு வந்தால் பெரியவர் முகம் மலர்ந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் உடற்பேறு குறைந்தோர்க்கு வழி இருக்க வேண்டும் என்று கட்டடத் துணைச்சட்டத்தின் 34ஏ பிரிவு கூறுகிறது. 2008இல் தனிச் சட்டமே வந்தது. 2010இல் ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தையும் மலேசியா ஏற்றது. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது, வழி விடாதவர்க்குத் தண்டனை என்று எதுவும் வைக்கப்படவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பத்மாவதி கிருஷ்ணன் அவர்கள் நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினராகப் பணியாற்றியிருக்கிறார். நம் இனத்துப் பெண்மணி ஒருவர் மேலவைக்குள் போக முடிந்தது. அவர் நம் ஆலயங்கள் பலவற்றிற்குள் போவதற்கு நான்கு பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயரை மட்டும் நாம் அடிக்கடி மாற்றுகிறோம். முடவர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், உடற்பேறு குறைந்தோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். பெயர் நான்காகிவிட்டது, படி ஐந்து அப்படியே இருந்தது.

எங்கள் வேலையும் முழுமையாக முடிந்துவிடவில்லை. கழிவறைக் கதவின் அகலம் இரண்டடிதான், நாற்காலி நுழையாது. அதை இடித்து அகலப்படுத்தத் திருவிழாவிற்கு முன் நாள் போதவில்லை. அன்னதான மண்டபத்தில் நாற்காலி உள்ளே செல்லும் உயரத்தில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். பந்தியோடு பந்தியாக, ஓரத்தில் அல்ல, நடுவில்.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு வரும் அன்பர்கள் கவனத்திற்கு: இடப்பக்க வாசல் மாலை 5 மணிக்கே திறந்திருக்கும். கழுவுவதற்குக் குழாயும் துணியும் வாசலிலேயே உண்டு. ஆலய நாற்காலி அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தூக்குவதற்குத் தொண்டர்கள் இருக்கமாட்டார்கள். தள்ளச் சொன்னால் தள்ளுவார்கள். வீட்டில் முடங்கியிருக்கும் பெரியவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள். மஞ்சள் கோட்டுக்குள் என் வாகனம் நின்றால், என் முகத்திற்கு நேரே சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். ஏழாம் நாள் உபயத்தை அந்தப் பெரியவரின் குடும்பத்தார் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். கலசத்திற்கு முன் அமர்ந்து சங்கற்பம் செய்துகொள்ளப் போகிறவர் அவர்தான்.